வடிவழகியின் வக்கீல்

தொடர்கதை வக்கீல் என்றோர் இனம் உண்டு. கறுப்பு அங்கி கிடையாது, கட்டணம் கிடையாது, கட்சிக்காரரை நேரில் கண்டதும் கிடையாது. ஏனென்றால் கட்சிக்காரர் பிறக்கவே இல்லை. சாதாரண வாசகர் வாரப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் அதே தாளில் நெத்திலிக் கருவாட்டை மடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வக்கீல் அப்படிப் போவாரா? கதையில் வரும் பெண் அழுதால் இவர் சோற்றைத் தள்ளி வைப்பார். அவளுக்கு அநியாயம் செய்தவன் எதிரே வந்தால் வெட்டிப் போடுவதாகச் சொல்வார். வரமாட்டான் என்பது தெரிந்த துணிச்சல்தான்.

மலாக்கா காஜா பெராங்கில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பொன்னுதுரை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் வாரப் பத்திரிகையில் ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடர்கதையின் நாயகி வடிவழகிக்கு அவர்தான் வக்கீல். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டார். நேரே தம்பிராஜாவின் சலவைக்கடை. அங்கே கரிப்பெட்டிச் சூட்டுக்கும் கஞ்சி வாடைக்கும் நடுவில் நின்று, காத்திருக்கும் பத்துப் பதினைந்து பேருக்கு அந்த வார அத்தியாயத்தை உரக்கப் படிப்பார். படிப்பதென்றால் சும்மா படிப்பதா? வடிவழகிக்கு ஒரு குரல், அவளைப் படிக்க விடாமல் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த தகப்பனுக்கு ஒரு குரல், மழைக்கு ஒரு குரல்.

கதையைப் பற்றி அவருக்குச் சட்டம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் இருந்த மனிதன் முடிவில் இருக்கக்கூடாது; குணம் வளரவேண்டும். அதற்காக நீலக்கோட்டுக் கணக்கு நோட்டு ஒன்றில் பாத்திரத்துக்குப் பாத்திரம் பக்கம் ஒதுக்கி, வாரத்துக்கு வாரம் குறித்து வந்தார். "வடிவழகி: முதல் வாரம், அழுகிறாள். அறுபதாம் வாரம், அழுதுவிட்டுத் தானே கண்ணைத் துடைக்கிறாள். இருநூறாம் வாரம், துடைக்க அவசியமில்லை."

"கிராணியாரே, அவளோட அப்பன் மனசு மாறுவானா?" என்று சட்டைக்குத் தண்ணீர் தெளித்தபடி தம்பிராஜா கேட்பார்.

"மாறித்தானே ஆகணும். ஏழு வருஷமா ஒரு மனுஷன் ஒரே மாதிரி இருந்தா அது கதையா?"

"நான் பதினஞ்சு வருஷமா இதே பெட்டியத்தான் தேய்க்கிறேன்."

"நீங்க கதையில இல்லையே தம்பிராஜா."

செட்டிக் கம்பத்திலிருந்து வேலாயுதமும் வருவார். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேச்சு. தமிழில் சாமி பெயரும் சொந்தக்காரர் முறையும் தெரியும், மற்றது தெரியாது. இருந்தும் ஒரு வாரம் தப்பாமல் வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, முழுதும் கேட்டு, கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்: "மாத்தி கா, ஹிடோப்?" செத்தாளா, இருக்கிறாளா என்பது அதன் பொருள். "ஹிடோப்" என்பார் பொன்னுதுரை. "பாகோஸ் லா", நல்லதாய்ப் போயிற்று என்று திருப்தியாக எழுந்து போவார் வேலாயுதம். அந்த ஊரில் புத்தி தெளிந்த விமரிசகர் அவர் ஒருவர்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

வடிவழகிக்கு விஷக்காய்ச்சல் வந்த வாரம் பொன்னுதுரை என்ன செய்தார் தெரியுமா? ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். குருக்கள் பெயர் கேட்டார். "வடிவழகி." நட்சத்திரம்? "ரோகிணி. நாலாவது வாரத்துல வருது." குருக்களும் மந்திரத்தைச் சொல்லி விபூதியைக் கொடுத்தார். உயிர் இருப்பது சிங்கப்பூரில் ஓர் எழுத்தாளரின் பேனா முனையில். மனுப் போனதோ மலாக்காப் பிள்ளையாருக்கு. அடுத்த வாரம் காய்ச்சல் இறங்கியது. பிள்ளையாருக்குப் பெயர் கிடைத்தது. எழுத்தாளருக்குக் கிடைத்தது, "இனி இப்படிச் சோதிக்க வேண்டாம்" என்று ஒரு தபாலட்டை.

இந்த வக்கீலுக்குச் சொந்தமாகவும் ஒரு வீடு இருந்தது. அதில் மனைவி கமலவேணி இருந்தாள். பதினெட்டு வயது மகள் சந்திரமதி இருந்தாள். நல்ல தேர்ச்சியோடு பள்ளியை முடித்த பெண். கோலாலம்பூரில் ஆஸ்பத்திரித் தாதியர் பயிற்சிக்கு, ஊரில் சொல்வதுபோல மிஸ்ஸி வேலைக்கு, மனுப் பாரம் வாங்கி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் எல்லாக் கட்டத்தையும் தானே நிரப்பிவிட்டாள். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அதுவும் ஆறு வாரமாகப் பாக்கி.

பொன்னுதுரை மறுத்தாரா? மறுக்கவே இல்லை. மறுத்தால் அவர் வடிவழகியின் தகப்பன் ஆகிவிடுவாரே. அவர் நல்லவர். மகள் கேட்கும்போதெல்லாம் அன்பாகத் தலையைத் தடவி, "பார்ப்போம்மா" என்றார். தீபாவளி கழியட்டும் என்றார். பொம்பளைப் பிள்ளை அத்தனை தூரம் தனியாக எப்படி என்று யாரிடமோ கேட்பதுபோலச் சுவரிடம் கேட்டார். ஒருமுறை பாரத்தைக் கையில் வாங்கவும் செய்தார். வாங்கி, படித்த பக்கம் தவறிவிடாமல் நீலக்கோட்டு நோட்டுக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டார். சந்திரமதி அதைத் தேடி எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். நாடு விடுதலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமைதான் வடிவழகியின் கதைக்கும் கடைசி அத்தியாயம். கோலாலம்பூருக்குப் போகவேண்டிய பாரத்துக்கும் அன்று சாயங்காலம் நாலு மணித் தபால்தான் கடைசித் தபால். காலையில் அவர் அலுவலகம் கிளம்பும்போதே சந்திரமதி வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, இன்னிக்குப் போட்டாத்தான் போய்ச் சேரும்."

"மத்தியானம் வந்துடுறேம்மா. இன்னிக்குக் கடைசி வாரம், தெரியும்ல?"

சலவைக்கடையில் நிற்க இடமில்லை. செமாபோக்கிலிருந்துகூட இரண்டு பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள். பொன்னுதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். வடிவழகி ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்படுகிறாள். தகப்பன் சாய்வு நாற்காலியில் கிடக்கிறான். அவள் பெட்டியோடு எதிரே நிற்கிறாள். அவன் பேசவில்லை. அவள் படியிறங்குகிறாள். பஸ் வருகிறது. முற்றும்.

"அவ்வளவுதானா?" என்றார் தம்பிராஜா.

"மாத்தி கா, ஹிடோப்?" என்றார் வேலாயுதம்.

பொன்னுதுரைக்கு முதலில் கண்ணீர் வந்தது. "நாட்டுக்கே விடுதலை வருது, இந்தப் பொண்ணுக்கு வரக்கூடாதா? இதுதான் வளர்ச்சி. இதுக்குத்தான் ஏழு வருஷம் காத்துக் கிடந்தோம்" என்றார். கூட்டம் தலையாட்டியது. கண்ணீர் காய்ந்ததும் கோபம் வந்தது. அந்தக் கிழவன் மாறவில்லையே. மகள் போகிறாள், வாசல்வரை வந்து ஒரு வார்த்தை சொன்னானா? முந்நூற்றுச் சொச்சம் வாரம் ஒரு மனிதனை இழுத்துவந்து, மாற்றாமலே நாற்காலியில் போட்டுவிட்டுப் போவது எழுத்தாளருக்கு அழகா?

"விடமாட்டேன். இன்னிக்கே எழுதுறேன்" என்று பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார்.

மணி மூன்று. பத்திரிகையைச் சாப்பாட்டு மேசையில் எறிந்துவிட்டு, எழுதும் மேசையில் தாளை விரித்தார். சந்திரமதி பாரத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, ஒரு மணி நேரம்தான் இருக்கு."

"இரும்மா. சூடு ஆறுறதுக்குள்ள இதை எழுதிடணும்." பேனா ஓடியது. 'ஐயா, பெற்ற பெண்ணின் வாழ்வு கண்முன்னே காத்து நிற்கையில் வாய் திறவாத தகப்பனைத் திருத்தாமல் விட்டது, தாய்க்குலத்துக்கு இழைத்த அநீதி.' நல்ல வாக்கியம். தாமே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தார். சந்திரமதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவள் பாரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

நாலு பக்கம் எழுதி நிமிர்ந்தபோது மணி நாலரை. மனம் லேசாகியிருந்தது, நியாயத்துக்காகப் போராடியவருக்கு வரும் பசியும் வந்தது. கமலவேணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"சந்திரா எங்க? பாரத்தைக் கொண்டாரச் சொல்லு. திங்கக்கிழமை தந்தி கிந்தி அடிச்சுப் பார்ப்போம்."

"தபால்ல போட்டாச்சு."

"கையெழுத்து இல்லாமலா?"

"நான் போட்டேன். தாய் தகப்பன் ரெண்டு பேர்ல ஒருத்தர் போட்டாப் போதும்னு அதுலயே அச்சடிச்சிருக்குதாம். நீங்க படிக்கலியா?"

அவர் படித்திருக்கவில்லை. பல்பொடி விளம்பரம்வரை படிக்கும் மனிதர், அந்த ஒரு தாளை மட்டும் படிக்கவில்லை.

"நீ கைநாட்டுத்தானே வைப்பே கமலம்?"

"அது அந்தக் காலம்." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வடிவழகிக்குக் கல்யாணப் பேச்சு வந்தப்ப சந்திராகிட்ட எழுத்துக் கத்துக்க ஆரம்பிச்சேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப எழுத்துக் கூட்டிப் படிச்சேன். இப்ப ரெண்டு வருஷமா நீங்க தூங்கினதும் நானே படிச்சுக்கிறேன்."

பொன்னுதுரை மனைவியைப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல்முறை, பக்கத்தை வேகமாகப் புரட்டாமல் பார்த்தார். ஏதாவது சொல்லவேண்டும். அவருக்குத் தெரிந்ததைத்தான் கேட்டார்.

"கடைசி வாரம் படிச்சிட்டியா?"

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தப்பவே."

"முடிவு சரியில்லைதானே?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள் கமலவேணி, காலிக் குவளையை எடுத்துக்கொண்டே. "அப்பன் மாறுற வரைக்கும் அவ எதுக்குங்க காத்துக்கிட்டு நிக்கணும்?"

வாசகரே, இப்போது உங்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. அப்புறம் பொன்னுதுரை என்ன சொன்னார்? கண் கலங்கினாரா? சந்திரமதி திரும்பி வந்ததும் தலையைத் தடவினாரா, அவளுக்கு இடம் கிடைத்ததா, பஸ் ஏற்றிவிட வந்தாரா, கடைசியில் மனிதர் மாறினாரா இல்லையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்று தூக்கம் வராது என்கிறீர்கள். எனக்குக் கடுதாசி எழுதலாமென்று தாளைக்கூட எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அதற்குமுன் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் வெகுநேரமாக யாரோ நிற்கிறார்கள்.