மாப்பிள்ளையின் பச்சைக் காருக்கு வராத பிரேக் பேட்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்திலிருந்து மாமனார் சிங்காரம், செங்கல்பட்டில் இருக்கும் மாப்பிள்ளை உயர்திரு சரவணகுமார் அவர்களுக்கு, மரியாதையோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் மாமியார் வச்சலா, உங்கள் மனைவி தமிழரசி, உங்கள் பச்சைக் கார் எல்லோரும் சௌக்கியம். இவர்களில் கார் மட்டும் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. அங்கே தாங்களும் தங்கள் கம்பெனி வேலையும் சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொண்டாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி மாமா, சரி மாமா, அப்பறம் பேசறேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு அந்தப் பொத்தான் கிடையாது. இன்னொன்றும் உண்டு. இது முழுவதும் என் கையால் எழுதியது. பொங்கல் வரைக்கும் கைநாட்டு வைத்த கை. தமிழரசி இங்கே தங்க வந்த பிறகு, மத்தியானத்தில் வலையைச் சரிசெய்துவிட்டு நான் உட்காரும் நேரத்தில், அவள் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று இன்னும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு சங்கடம். "ஸ்டான்லி" என்று எழுதி முடிப்பதற்குள் ஸ்டான்லி மேல் வந்த கோபம் பாதி ஆறிவிடுகிறது. அப்போது மேலே எழுதியதை முதலிலிருந்து படித்துக் கோபத்தை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி எழுதுகிறேன். ஆகையால் கோபம் சில இடத்தில் குறைந்து தெரிந்தால், மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எழுத்து கடினமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளவும்.

கல்யாணத்தின்போது அது நாலு பேர் வைத்திருப்பதைப் போல ஒழுங்கான கார். பிறகு நீங்கள் அதன் உயரத்தைக் குறைத்தீர்கள், ஏற உங்கள் மாமியார் தவழ வேண்டியிருந்தது, பொறுத்தோம். பின்னால் ஒரு பலகையை நிறுத்தினீர்கள், எதற்கு என்று கேட்டேன், "காத்து அமுக்கறதுக்கு மாமா" என்றீர்கள், எங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமா என்று நினைத்துக்கொண்டு அதையும் பொறுத்தோம். எஞ்சினுக்கு மூச்சு ஊதிவிட டர்போ என்று ஒன்றை மாட்டினீர்கள், புகைக்குழாயை மாற்றினீர்கள், அந்தச் சத்தத்துக்குக் கரையில் இருந்த நாய்கள் எல்லாம் தண்ணீரில் இறங்கி நின்றன. ஆனால் அத்தனையும் செய்த நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை. காணும் பொங்கலுக்கு என் மகளை உட்காரவைத்துக்கொண்டு வந்தீர்கள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் கடல் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காருக்குத் தெரியவில்லை. ஐஸ் பெட்டிகளை இடித்துக்கொண்டு போய் மணலில் மூக்கைச் செருகி நின்றது. மீன் விற்கிற வேண்டா முதலில் பார்த்துவிட்டு, "யோவ் சிங்காரம், உம் மருமவன் காரைக் கரை ஏத்தறதுக்குப் பதிலா கடல்ல எறக்கறான்யா! கயிறு எடுத்துகினு வாங்கடா" என்று கத்தினாள். எங்கள் ஆட்களுக்குக் கயிறு என்றால் போதும், கேள்வி கேட்க மாட்டார்கள். படகை இழுக்கிற மாதிரியே பாட்டுப் பாடிக்கொண்டு உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை வால் பக்கமாக இழுத்துக் கரை சேர்த்தார்கள். நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள். குப்பம் முழுக்கப் பார்த்தது. என் தலை இருந்த இடம் எனக்குத்தான் தெரியும்.

அப்போது இறங்கிய தமிழரசி சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "ஓடறதுக்குச் செலவு பண்ண ஆளு, நிக்கறதுக்கும் செலவு பண்ணட்டும். இதே காரு, நான் நில்லுன்னு சொன்ன எடத்துல நிக்கணும். அன்னிக்கு ஏறிக்கினு வூட்டுக்கு வரேன். அதுவரைக்கும் பஸ்ஸும் வாணாம், ஆட்டோவும் வாணாம்." அவள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது. இதை எழுதத்தான் முடியும், சத்தமாகச் சொல்ல முடியாது, அந்த அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள்.

நீங்களும் ரோஷப்பட்டுப் பொத்தேரியில் காலேஜ் பசங்களின் வண்டியை எல்லாம் மாற்றிக் கொடுக்கிற உங்கள் சிநேகிதர் ஸ்டான்லியிடம் விட்டுப் புது பிரேக் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நல்ல பிரேக். மறைக்க மாட்டேன். சக்கரத்துக்குள்ளே தோசைக்கல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தட்டு, தட்டு நிறைய ஓட்டை, அதைச் சிவப்பாக ஒரு கொடுக்கு நண்டு மாதிரிக் கவ்விக்கொண்டிருந்தது. எனக்கே ஆசையாக இருந்தது. தமிழரசியும் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். வழிக்கு என்று உங்கள் மாமியார் வஞ்சிரக் குழம்பைச் சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள், பெரிய ரோடு வரைக்கும் வந்து வழியனுப்ப. ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நீங்கள் பிரேக்கைத் தொட்டீர்கள். கார் நின்றது, மாடு நின்றது, குழம்பு நிற்கவில்லை. அது முன் கண்ணாடி வரை போய்விட்டு உங்கள் சட்டை வழியாகத் திரும்பி வந்தது. "இன்னா மாப்ள, போறப்ப நிக்காம உட்டீங்க, இப்ப நிக்கறப்ப எங்களப் போவ உடறீங்க" என்று வச்சலா கேட்டாள். குழம்போடு எப்படி ஊருக்குப் போவது? காரைக் கழுவித் துடைத்து எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு, காலையில் போகலாம் என்று தங்கினீர்கள்.

இங்கேதான் எல்லோரும் என்மேல் பழியைத் தூக்கிப் போடுகிறீர்கள். மாப்பிள்ளை, கடலோரத்தில் இரும்பு வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். உப்புக் காற்று ஒரு ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும். எஞ்சினோ நங்கூரமோ அரிவாள்மணையோ, எது கரைக்கு வந்தாலும் முதல் காரியம் எண்ணெய் தடவுவது. நாங்கள் சாப்பிடுவதுகூட அதற்குப் பிறகுதான். காலையில் எழுந்து பார்க்கிறேன், நீங்கள் ஆசையாகப் போட்ட தட்டு முழுக்கச் செந்துரு. என் மருமகன் பொருள் என் வாசலில் துருப்பிடிப்பதா? வச்சலா தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, சக்கரத்தின் சந்தில் கையை விட்டு, நாலு தட்டுக்கும் நன்றாகத் தடவினேன். நண்டுக் கொடுக்குக்கும் விட்டேன். வேறு எந்த மாமனார் செய்வான்?

நீங்கள் வண்டியை எடுத்தீர்கள். தமிழரசி தெருமுனைக் கடையைக் காட்டி "அங்க நில்லு மாமா" என்றாள். நீங்கள் பிரேக்கை மிதித்து எழுந்தே நின்றுவிட்டீர்கள். கார் கடையைத் தாண்டி, வேண்டா கருவாடு காயப்போட்டிருந்த பந்தலைத் தாண்டி, பந்தலின் ஓலையைத் தலையில் சுமந்துகொண்டு மெதுவாகப் போய் நின்றது. தமிழரசி இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, தலையில் இருந்த நெத்திலியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

போன் போட்டு வரவழைத்த அந்த ஸ்டான்லி விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "தேங்கா எண்ணெ! யாருப்பா இந்த வேலைய பண்ணது?"

"நாந்தான். துரு புடிச்சிருந்துச்சி."

"பெருசு, அந்தத் துரு ரெண்டு தபா மிதிச்சா தன்னால போயிடும். பிரேக்குல எண்ணெ ஊத்துவாங்களா? உள்ள இருக்கற பேடு பூரா குடிச்சிகீது."

"எண்ணெ பட்டா கெட்டுப்போற இரும்ப நான் இப்பதான்யா பாக்கறேன். இத்த வித்த உனக்கு வெக்கமா இல்ல?"

"காருக்கு எண்ணெ வச்சி உட்டுட்ட, தல வாரி பூ வச்சி உட வேண்டியதுதான பாக்கி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் பார்த்தேன்.

எண்ணெய் குடித்த பேட் இனி உதவாது, கோயம்புத்தூரிலிருந்து புதிது வர வேண்டும், வந்தால் இங்கேயே வந்து மாட்டித் தருகிறேன் என்று ஸ்டான்லி, கோயம்புத்தூர்க் கடைக்கு என் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு சரி. எங்கே பேட்? இந்த உலகத்தில் எவனும் பேட் செய்வதில்லையா? அவருக்குப் போன் செய்தால் "வந்துகினே கீது பெருசு" என்கிறார். கோயம்புத்தூரிலிருந்து நடந்து வருகிறதா? உங்களைக் கேட்டால் ஓவர்டைம் என்கிறீர்கள். பெண்டாட்டியைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு யாருக்காக ஓவர்டைம்? இங்கே காரைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள், அதன் மேல் காக்கை, அதன் கீழே நாய். காற்றை அமுக்க வைத்த பலகையில் உங்கள் மாமியார் கருவாடு காயவைக்கிறாள், நன்றாகக் காய்கிறது என்று வேண்டாவும் பாதி இடம் வாங்கிவிட்டாள். ஓட்டலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அதைப் போட்டோ எடுக்கிறார்கள். தண்ணிக் குழாயில் நிற்கிற பெண்கள் "தமிழு இன்னும் போவலியா?" என்று தினம் கேட்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டு குடத்தைத் தூக்குகிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி உங்கள் போன் வந்தால் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துதான் பேசுகிறாள். அவள் இடம் அங்கே, உங்கள் பக்கத்தில். ஆகையால் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்டான்லியின் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் பேட் வரவில்லை என்றால் உங்கள் காரின் கூரையை அறுத்து, உள்ளே நண்டு வலையை அடுக்கிவிடுவேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை.

தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஓட்டல் சாப்பாடு வேண்டாம். அம்மன் துணையால் தாங்களும் என் மகளும் ஒரே வண்டியில், ஒரே பக்கமாக, நின்று நிதானமாகப் பல காலம் போய்வர மனதார வாழ்த்தும்,

சிங்காரம் (கையெழுத்து, கைநாட்டு இல்லை)

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருப்பேன். எழுதிய பாடு தெரிந்தவன் என்பதால் மனம் வரவில்லை. பேட் வந்துவிட்டது. மேலே உள்ளதை எழுதி முடித்த மறுநாள், போன வாரமே வந்துவிட்டது. ஸ்டான்லி மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. தமிழரசியும் வச்சலாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்த கூரியர்காரர் தன் போனை நீட்டி "வெரலால போடு பெருசு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "கைநாட்டு கேக்கறியா? எனக்கு எழுதத் தெரியும்யா" என்று கத்தினேன். "கையெழுத்ததான் வெரலால போடச் சொல்றேன்" என்றார். போட்டேன். போன் கண்ணாடியில் இடம் பற்றாமல் கடைசி எழுத்து வெளியே போய்விட்டது, ஆனாலும் ஒப்புக்கொண்டார். பெட்டியின் மேல் தமிழில் என் பெயர். என் பெயர் போட்டு எனக்கு வந்த முதல் பொருள். யார் உதவியும் இல்லாமல் படித்தேன், திரும்பவும் படித்தேன். தமிழரசி வந்ததும் காட்டத்தான் எழுந்தேன். அவள் காலைக் கழுவிவிட்டு நேராக உட்கார்ந்து எனக்கு அடுத்த நாள் பாடத்தை எழுத ஆரம்பித்தாள். நான் திரும்பிப் போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வைத்திருப்பது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எனக்குப் பெட்டி வந்துவிட்டது, கடிதம் இன்னும் வந்ததில்லை. இதற்குப் பதில் எழுதிப் போடுங்கள். போன் வேண்டாம். திட்டி எழுதினாலும் சம்மதம். வாசலில் உட்கார்ந்து தமிழரசி கேட்க நானே சத்தமாகப் படித்து முடித்த உடனே பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன், அன்றைக்கே வந்து அவளைக் கூட்டிப் போகலாம். பெட்டியைப் பற்றி மட்டும் அதில் எழுத வேண்டாம், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.