எதிர்மின் அயனி ஒழிப்புத் தீர்மானம்

உலகத்து விஞ்ஞானிகள் இருநூறு வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டும் செய்ய முடியாத ஒரு சீர்திருத்தத்தை, திருவண்ணாமலை அவலூர்ப்பேட்டை சாலையிலுள்ள எங்கள் ஞானச்சிகரம் மெட்ரிக் பள்ளி பதினோரு நிமிடத்தில் செய்து முடித்தது. அதிலும் நான்கு நிமிடம் போண்டாவுக்குப் போனது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். பெயர் மணி, பதவி நிர்வாக அலுவலர்.

எங்கள் தாளாளர் சக்கரபாணி ஐயா கிரிவலப் பாதையில் லாட்ஜ் நடத்தி, அறைகள் எல்லாம் நிரம்பிய பிறகு கல்வித் தொண்டுக்கு வந்தவர். சென்ற ஜூனில் மூன்று நாள் 'நேர்மறைச் சிந்தனை' முகாமுக்குப் போய்த் திரும்பியவர், பள்ளியை 'நூறு சதவீத பாசிட்டிவ் வளாகம்' என்று அறிவித்தார். 'இல்லை', 'முடியாது', 'தோல்வி' ஆகிய சொற்களுக்குத் தடை. கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்களில் 'தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது' என்று பலகை மாட்டினோம்.

இந்தப் பொற்காலத்தில் ஒருநாள் ஐயா ஒன்பதாம் வகுப்பைக் கடந்து போனார். உள்ளே வேதியியல் ஆசிரியை மதிவதனி கரும்பலகையில் பெரிதாக ஒரு கழித்தல் குறி போட்டுக்கொண்டிருந்தார். போட்டதோடு நிற்காமல், "இது எதிர்மின் அயனி" என்று உரக்கச் சொல்லவும் செய்தார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம்.

"இன்னாம்மா நடக்குது இங்க?" என்று ஐயா தொடங்கினார்.

மதிவதனி கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவர். பொறுமை பழகியவர். "சார், சோடியம்கிட்ட கடைசி வட்டத்துல ஒரு எலக்ட்ரான் இருக்கும். அதைக் குளோரினுக்குக் குடுத்துடும். குடுத்த சோடியம் பிளஸ், வாங்கின குளோரின் மைனஸ். அப்படி ஆனதைத்தான் அயனின்னு சொல்றோம்."

"ஒண்ணு கம்மியானவன் பிளஸ்ஸு, ஒண்ணு ஜாஸ்தியானவன் மைனஸா? கணக்கு வாத்தியாரைக் கேட்டீங்களா?"

"எலக்ட்ரானே மைனஸ் சார். மைனஸ் ஒண்ணு வெளிய போனா, பிளஸ்தானே மிஞ்சும்?"

ஐயா யோசித்தார். அதிகம் யோசிப்பது எதிர்மறைப் பழக்கம் என்று முகாமில் சொல்லியிருந்ததால், உடனே நிறுத்திக்கொண்டார்.

"சரி, குடுத்தவன் பேரு இன்னா?"

"சோடியம் அயனி. அதே பேருதான் சார்."

"வாங்கினவன்?"

"குளோரின், குளோரைடு ஆயிடும். ஆக்சிஜன், ஆக்சைடு. வாங்கினதும் பேரோட வால் மாறிடும்."

ஐயா போன மாதம்தான் எங்கிருந்தோ ஒரு கௌரவப் பட்டம் வாங்கி, பெயர்ப்பலகையைக் 'கல்விச்சுடர் டாக்டர் சக்கரபாணியார்' என்று மாற்றியிருந்தார். நான் போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னை ஜாடையா சொல்றீங்களா?"

"ஐயோ, குளோரினைச் சொல்றேன் சார்."

"இதோ பாருங்கம்மா. பௌர்ணமிக்கு லட்சம் பேரு கிரிவலம் போறாங்க. எல்லாரும் ஒரே பக்கம். யாராச்சும் எதிர்ல வர்றாங்களா? நம்ம ஸ்கூல்ல மட்டும் எதுக்கு எதிர்? ரெண்டுக்கும் பிளஸ்ஸே போடுங்க."

"ரெண்டும் பிளஸ்னா ஒண்ணையொண்ணு தள்ளிடும் சார். உப்பே வராது."

"நம்ம வளாகத்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருப்பாங்க. மணி, தீர்மானம் எழுதுங்க."

எழுதினேன். 'எதிர்மின் அயனி இனிமேல் “இன்னும் நேராகாத அயனி” என வழங்கப்படும். கழித்தல் குறி என்பது, செங்குத்துக் கோடு பின்னர் வழங்கப்படவுள்ள கூட்டல் குறியாகும்.' மதிவதனி கையெழுத்துப் போட மறுத்தார். 'மறுத்தார்' தடைசெய்யப்பட்ட இனத்தைச் சேர்ந்த சொல் என்பதால், 'பேனாவை அன்புடன் திருப்பித் தந்தார்' என்று எழுதினேன்.

மறுநாள் முதல் வேதியியல் பாடம் யோகா ஆசிரியருக்குப் போனது. மதிவதனிக்கு நூலகம் தரப்பட்டது. மதிய இடைவேளையில் பிள்ளைகள் அங்கே போவதைப் பார்த்தேன். சோடியமாக நடித்த ஒருத்தி, எலக்ட்ரானாகத் தன் ரப்பர் பேண்டைக் கழற்றிக் குளோரினாக நின்றவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சென்று 'நல்லது' என்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஆய்வுக்கு ஒரு கல்வி அதிகாரி அம்மா வந்தார். ஒன்பதாம் வகுப்பில், "சாப்பாட்டு உப்பு எப்படி உருவாகுது?" என்று கேட்டார்.

வகுப்பே எழுந்து கைகூப்பியது. "சோடியம் பிளஸ், குளோரின் பிளஸ், இரண்டும் புன்னகையுடன் சேர்கின்றன!"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்போது கடைசி பெஞ்சில் சுருதி எழுந்தாள்.

"இல்ல மேடம்," என்றாள். ஏழு மாதத்தில் எங்கள் வளாகத்தில் ஒலித்த முதல் 'இல்லை'. "சோடியம் ஒண்ணு குடுத்து பிளஸ் ஆயிடும். குளோரின் அதை வாங்கி மைனஸ் ஆயிடும். அப்போ அதுக்குப் பேரு குளோரைடு. பிளஸ்ஸும் மைனஸும் இழுத்துக்கும். அதான் உப்பு."

"யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

சுருதி ஐயாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? சன்னலைப் பார்த்தேன். "மதிவதனி மிஸ். லைப்ரரில," என்றாள்.

அதிகாரி பதிவேட்டில் சுருதியைப் பற்றி ஒரு பக்கம் பாராட்டு எழுதிவிட்டுப் போனார்.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் ஏறியது. 'அயனி கண்ட ஐயாவே!' என்று பத்தடிக்கு எங்கள் தாளாளர். காலடியில் தபால்தலை அளவுக்குச் சுருதி. அதே நாளில் மதிவதனிக்கு ஓர் ஆணையும் தயாரானது: 'சுற்றறிக்கையை மீறி, மாணவிக்குச் சரியான விடையைக் கற்பித்த குற்றத்துக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.'

"ஐயா, 'சரியான'னு போடலாமா?" என்று கேட்டேன்.

"போடுங்க, போடுங்க. அது பாசிட்டிவ் வார்த்தைதானே."

ஆணையை வாங்க மதிவதனி என் அறைக்கு வந்தார். வெளியே சுருதி, தன்னால்தான் மிஸ் போகிறார் என்று தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதிவதனி அவளிடம் போய்க் கன்னத்தைத் துடைத்து, "நீ சொன்னது கரெக்ட்டு. அதுக்கு யாராவது அழுவாங்களா?" என்று சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் கேட்டார்:

"அன்னிக்கு மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லீங்களா சார்?"

"நான் எந்தப் பக்கமும் சேராதவன்மா. யாருக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டேன், யார்கிட்டயும் ஒண்ணும் வாங்க மாட்டேன்."

"தெரியும் சார். உங்கள மாதிரி இருக்கிறதுக்கும் வேதியியல்ல ஒரு பேரு இருக்கு. இங்கிலீஷ்ல 'நோபிள்'னு பெருமையா சொல்வாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷ சேவையில் கிடைத்த முதல் பாராட்டு! பேனாவை எடுத்துக்கொண்டு, "தமிழ்ல எப்படிம்மா எழுதணும்?" என்று ஆவலோடு கேட்டேன்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"மந்த வாயு சார்."