வாய் திறக்கக் கூடாத வியாழக்கிழமை

இந்த ஒரு வேலையையாவது மாசோண்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிப்பேன் என்று சபதம் போட்டிருந்தேன்.

மாசோண்டி என் மனைவி. சோண்டி வீட்டுப் பெண் என்று அர்த்தம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆனாலும் எங்கள் பக்கத்தில் அப்பா வீட்டுப் பேர் பெண்ணை விட்டுப் போகாது. அவளும் என்னைக் குலப்பேர் சொல்லி "சிபியா" என்றுதான் கூப்பிடுவாள். திட்டும்போதும் மரியாதை குறையாது. அதுதான் ரொம்ப வலிக்கும்.

டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டத்தை அழித்து நூற்றிருபது வீடு கட்டுகிறார்கள். அங்கே செடி நடுவது என் பொறுப்பு. ஒரே நிபந்தனை, எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்த செடியாக இருக்கணும். வெளிநாட்டுச் செடி ஒன்று இருந்தாலும் பிடுங்கி எறிவார்கள், என்னையும் சேர்த்து. முதல் பகுதி சோதனையில் தேறினால்தான் இரண்டாம் பகுதி எனக்குக் கிடைக்கும்.

வாசலுக்கு நாரைத்தலைப் பூச்செடி என்று ஒப்பந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. அது பூக்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பது? அறுபது கல்வாழை வாங்கி நட்டேன். வாசல் தீப்பிடித்த மாதிரி சிவந்து போயிற்று. என் தாத்தா வீட்டுக் கொல்லையில் வளர்ந்த செடி அது. தாத்தாவை விட இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் யார்?

புதன்கிழமை சாயங்காலம் டூமா ஓடி வந்தான். பக்கத்து வீட்டுக்காரன், என்னிடம்தான் வேலை செய்கிறான், அப்பா என்கிற மரியாதையில் 'பாபா' என்பான்.

"பாபா, அந்தக் கல்வாழை அமெரிக்காவிலேர்ந்து வந்ததாம்."

"யார்ரா சொன்னா?"

"வித்தவனே சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"நாளைக்குக் காலைல சோதனைடா!"

"அதான் இன்னிக்கே சொல்றேன்."

ராத்திரி சோளக்களியைத் தட்டிலேயே கிளறிக்கொண்டிருந்தேன்.

"என்ன சிபியா, களியை எண்ணிப் பாக்குறீங்களா?" என்றாள் மாசோண்டி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

எங்கள் கொல்லை முழுக்கப் பெயிண்ட் டப்பாக்களில் அவள் செடி வளர்க்கிறாள். எல்லாம் அவள் காட்டிலிருந்து விதை பொறுக்கி வளர்த்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சபதம் என்ன ஆவது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்களில் ஒருவர் வெளியே எங்கோ இறந்து போனால், இறந்த இடத்துக்கு ஒரு காட்டிலந்தைக் கிளையோடு போய், "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று அந்த ஆவியைக் கூட்டி வருவோம். கிளை பிடித்தவன் வீடு வரும்வரை அந்த ஆவியைத் தவிர யாரோடும் பேசக் கூடாது. அவனிடம் யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

எங்கள் சித்தப்பா அந்தக் கரும்புத் தோட்டத்தில்தான் பாம்பு கடித்து இறந்தார். பதினோரு வருஷமாக அவரைக் கூட்டி வரணும் வரணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சும்மா ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன? வியாழக்கிழமை மாசோண்டி மாதர் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விடுவாள். யாருக்குத் தெரியப் போகிறது?

காலையில் சோதனைக்கு வந்த செலே அம்மா நேரே கல்வாழை முன்னால் போய் நின்றார்.

"சிபியா, இது என்ன செடி?"

கிளையை உயர்த்திக் காட்டினேன்.

"அடடா! மன்னிச்சிடுங்க பாபா." அந்த அம்மா குரலைத் தணித்து, இரண்டடி பின்னால் போய், காகிதத்தை மடித்தார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அப்போது குலவைச் சத்தம் கேட்டது.

சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு ஜெபக் கூட்டமே பாடிக்கொண்டு வந்தது. முன்னால் மாசோண்டி. பின்னால் டூமா. "சித்தப்பாவைக் கூட்டிட்டு வர்றாரு" என்று, கிளையைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்குப் போன் பண்ணிவிட்டானாம், பாவி.

மாசோண்டி கிளையைப் பார்த்தாள். ஒடித்த இடத்தில் ஈரம் காயவில்லை. பத்தடி தள்ளி, நான் நட்ட காட்டிலந்தை மரத்தில் ஒரு கிளை குறைவு. அதையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செலே அம்மா, அவரு வாய் திறக்கக் கூடாது. நான் அவர் சம்சாரம். என்னைக் கேளுங்க."

"இது என்ன செடிம்மா?"

"கல்வாழை. அமெரிக்காச் சரக்கு."

கிளையை வேகமாக ஆட்டினேன்.

"சித்தப்பா அவசரப்படுறாரு" என்றாள். "தெரியாம நட்டுட்டாரும்மா. சிபியா, ஆமான்னு தலையாட்டுங்க."

ஆட்டினேன்.

"அப்ப வாசலுக்கு என்ன வழி?"

"நாரைத்தலை எழுபது டப்பா என் கொல்லையில இருக்கு. ஆறு வயசுச் செடி. மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

"ரெண்டாம் பகுதிக்கும் செடி இருக்குமா?"

"நீங்க இடத்தைக் காட்டுங்க, நான் செடியைக் காட்டுறேன்."

"அப்ப ரெண்டாம் பகுதியை உங்க பேர்லயே எழுதிடட்டுமா?"

"அவருக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டைக்குள் பத்து வார்த்தை முட்டி மோதின. ஒன்றுகூட வெளியே வர முடியாது. செலே அம்மா எழுதி முடித்தார்.

வேனில் எனக்கு ஒரு இருக்கை, சித்தப்பாவுக்கு ஒரு இருக்கை. வழியெல்லாம் பாட்டு. வீட்டில் வட்டக்குடிசையின் உள்கோடியில், இறந்துபோன பெரியவர்களுக்கான இடத்தில், கிளையை வைத்தேன்.

மாசோண்டி பக்கத்தில் மண்டியிட்டுக் காதோடு சொன்னாள்: "நீங்க பொய்யாத்தான் கூப்பிட்டீங்க. பதினோரு வருஷம் காத்திருந்த மனுஷன், நிஜமாவே வந்திருப்பாரு. கிடாயை வெட்டி ஒழுங்கா மன்னிப்புக் கேளுங்க. இப்பப் பேசலாம் சிபியா. என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

அவளிடம் சொல்லணும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நாளைக்கு வேலைக்கு எத்தனை மணிக்கு வரணும், மாசோண்டி?"