கடலடி மூடிக்கு இரண்டு பூசைக் கருத்துகள்

பசறை

அன்பு மகள் நிஷாலினிக்கு, அப்பா அந்தோனிப்பிள்ளை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஜெபமலரும் விடாத மழையும் சுகம். நோர்வேயின் வடகோடியில் நீயும் உன் பாறைத் துண்டுகளும் சுகமாக இருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறோம். போனில் பேசலாம்தான், உன் அம்மா பக்கத்தில் நின்று என் பேச்சைப் பிடுங்கிக்கொள்வதால் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மகளே, போன மாதம் நீ சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. கடலில் செத்த நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து பூமிச் சூட்டில் வெந்து எண்ணெய் ஆகின்றன. சூடு குறைந்தால் ஒன்றும் ஆகாது, கூடினால் வாயுவாகிப் போகும். ஆயுள் முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய்ச்சும் ட்ரையர் சூட்டைப் பார்த்த டீமேக்கருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த எண்ணெய் மேலே ஏறித் தப்பாமலிருக்க இறுகிய பாறை ஒன்று மூடி போல இருக்க வேண்டும், உங்கள் வடதுருவக் கடலில் பனிப்பாறைகள் காலங்காலமாகத் தரையைச் சுரண்டியதில் அந்த மூடி வெடித்து எண்ணெய் கசிந்திருக்கவும் கூடும், மூடி நன்றாக இருக்கிறது என்று நீ அறிக்கை கொடுத்தால் கிணறு தோண்டுவார்கள், உன் வேலையும் இன்னும் நான்கு வருடம் நீளும், வெடித்திருந்தால் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றாயே, அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஞாயிற்றுப் பூசையில் மன்றாடச் சொல்லி ஒரு கருத்து எழுதிக் கோயில் பெட்டியில் போட்டேன். உன் அம்மாவும் எனக்குத் தெரியாமல் ஒன்று போட்டிருக்கிறாள். பங்குச் சாமியார் வழக்கம்போல எல்லாவற்றையும் பீடத்திலிருந்து உரக்க வாசித்தார். பல்வலி, பரீட்சை, பசுமாடு எல்லாம் முடிந்து, "வடதுருவக் கடலடியில் மூடி கெட்டியாக இருக்கும்படி, அந்தோனிப்பிள்ளை குடும்பம்" என்றார். அடுத்த துண்டை எடுத்தார். "அதே மூடி வெடித்து எண்ணெய் பூராவும் கசிந்துபோயிருக்கும்படி, அந்தோனிப்பிள்ளை குடும்பம்." கோயிலே சிரித்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றி, "ஆண்டவர் எந்தப் பக்கம் நிக்கணும்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

வாசலில் ஊர் இரண்டாகிவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அம்மா பக்கம். "புள்ள வீடு வந்து சேரட்டும் டீமேக்கரய்யா, அந்த எண்ணெய வச்சு நாம என்ன செய்யப்போறோம்?" என்று தனலெட்சுமி என்னை மடக்கினாள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் நாள்கணக்காக வரிசையில் கிடந்ததை மறக்காத ஆட்டோக்காரர்கள் என் பக்கம். மழைக்கு ஆட்டோவில் ஏறப் போன உன் அம்மாவிடம் சின்னராசா, "எண்ணெ வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஆட்டோவுல ஏறுறீங்களேக்கா, இது நியாயமா?" என்று கேட்டான். சும்மா கேலிதான். உன் அம்மாவோ, "நியாயமில்லதான்" என்று குடையை விரித்து மலையேறி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் ஆட்டோவில் போனால் நன்றாகவா இருக்கும்? மொஹிதீன் கடையில் வாங்கிய அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு அட்டை கடிக்கக் கடிக்கப் பின்னாலேயே நடந்தேன்.

"ஏன்டி இப்படி எழுதின?" என்று பாதி வழியில் கேட்டேன்.

"புள்ளைக்கு என்ன வேணும்னு நீங்க கேட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு நான் கேட்டேன். தப்பா?"

அரிசியைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

ஆகையால் மகளே, படித்த பிள்ளை நீ, அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுது. எங்களுக்காக ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. மூடி நன்றாக இருந்தால் தலைநிமிர்ந்து சொல்; பசறை டவுன் முழுக்க நான் பெருமையடித்துத் திரிவேன். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். தேவமாதாவும் அந்தோனியாரும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் பாசமுள்ள அப்பா

பி.கு: வருகிற ஞாயிற்றுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரே கருத்துதான். உன் அம்மா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். "பூராவும்" என்ற இடத்தில் "ஒரு சொட்டு மிச்சமில்லாமல்" என்று திருத்தியதும் நான்தான். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மேலே சொன்னபடி உள்ளதையே எழுது. ஆனால் எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிடு மகளே.