பூரான் கடிக்கு வெந்நீரா, ஐஸா?

உலகத்தில் எத்தனை கோடி டாக்டர்கள் பிறந்திருந்தாலும், நோயாளியின் முகத்துக்கு நேரே "எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரைக் கொண்டுவந்து அந்தமானில், ஹேடோவில், என் பக்கத்து குவார்ட்டர்ஸில் குடிவைத்தது சர்க்கார்.

அறுபதுகளின் கடைசி. நான் துறைமுகத்தில் சரக்கு இறங்குவதைக் கணக்கெடுக்கும் குமாஸ்தா. ஒரு வங்காளி மீன்காரர் காது வலி என்று இவரிடம் போய், "மாலும் நை" என்ற பதிலோடு திரும்பி வந்தார். இந்தியில் 'தெரியாது' என்று அர்த்தம். மீன்காரர் அதை மார்க்கெட் முழுக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் 'மாலும் நை டாக்டர்'. வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் பட்டப்பெயர்தான்.

உண்மையில் அது அவர் பதிலின் முதல் பாதிதான். "தெரியாது, நாளைக்கு வாங்க, பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்" என்பார். பின்பாதியைக் கேட்க யார் நிற்கிறார்கள்? எதிர் அறைக்குப் போய்விடுவார்கள். அங்கே இருந்தவர் மேஜர்.

மேஜர் பட்டாளத்தில் டாக்டராக இருந்து வந்தவர். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் பெரியவர். நோயாளி வாசல் ஏறுவதற்குள் வியாதி இன்னதென்று சொல்லிவிடுவார். உட்காருவதற்குள் ஊசி இறங்கியிருக்கும். ஜனங்களுக்கு அவர் தெய்வம்.

மெயின்லாண்டிலிருந்து கப்பல் வந்தால் நாங்கள் வெங்காயத்துக்கும் கடிதத்துக்கும் காத்திருப்போம். மாலும் நை டாக்டர் வைத்தியப் பத்திரிகைக் கட்டுக்குக் காத்திருப்பார். எல்லாம் பல மாதம் பழசு. துறைமுகத்திலேயே மூட்டைமேல் உட்கார்ந்து படித்துவிட்டு, நேரே மேஜரிடம் போய்ச் சண்டை பிடிப்பார். நோயாளியைக் கண்ணால் பார்க்காதவன் எழுதியதைப் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதே என்பார் மேஜர். நோயாளி பிழைத்தது உங்கள் ஊசியாலா, தானாகவா என்று எண்ணிப் பார்த்ததுண்டா என்பார் இவர். ஒருநாள் மேஜர் ஒரே போடாகப் போட்டார்.

"உன் புஸ்தகத்துல அந்தமான் பூரான் இருக்காய்யா?"

இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தமான் பூரானைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது பூரான் இல்லை, கால் முளைத்த உபத்திரவம். கடித்தால் ஆறடி ஆளும் அம்மாவைக் கூப்பிடுவான். சாத்தத்தில் மரம் அறுக்கும் மரமில்லில் தினம் யாரையாவது கடிக்கும். சிலர் வெந்நீரில் வை என்பார்கள், சிலர் ஐஸில் வை என்பார்கள். எது சரி? நம்மவருக்குத் தெரியாது. அதனால் ஒரு காசை எடுத்தார். கடிபட்டவன் சம்மதித்தால் சுண்டுவார். தலை விழுந்தால் வெந்நீர், பூ விழுந்தால் ஐஸ். எவனுக்கு வலி சீக்கிரம் குறைகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பார். தானாகத் தேர்ந்தெடுத்தால் தன் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

ஊர் சிரித்தது. ஐஸ் விழுந்த மலையாளி ஒருவர், தனக்கு முன்னால் வந்தவனுக்கு மட்டும் வெந்நீர் எப்படி என்று நியாயம் கேட்டார். ஒருவர் வீட்டிலிருந்தே ராசியான காசு கொண்டுவந்தார். இன்னொருவர் மூன்று தடவை சுண்டச் சொல்லி மன்றாடினார். இது ஆஸ்பத்திரியா, குதிரைப் பந்தய மைதானமா என்று மேஜர் வராந்தாவில் நின்று கத்தினார்.

இதற்கும் மேலே போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூரானைப் பிடித்துத் தன் இரண்டு கையிலும் கடிக்கவிட்டார். வலது கை வெந்நீரில், இடது கை ஐஸில். அபாரமான யோசனைதான். இரண்டு கையும் வீங்கியதால் பென்சில் பிடித்துக் குறித்துக்கொள்ள முடியவில்லை. பிரம்மச்சாரி. மூன்று வேளையும் நான்தான் சோறு ஊட்டினேன். வாய் நிறையச் சோற்றோடு, "உங்களுக்கு எந்தக் கை சிவப்பாத் தெரியுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டியவள். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் மரமில்லிலிருந்து அடுப்புக்கு வாங்கிப் போட்டிருந்த விறகுத் துண்டை எடுக்கக் கை வைத்தாள். பூரான் கடித்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் நான் தெருவுக்கு ஓடினேன். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு டாக்டர்களும் இருந்தார்கள். மேஜர் வழக்கம்போல் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நம்மவர் குறுக்கே கையை நீட்டினார்.

"பொண்ணு துடிக்கிறா, இப்பவும் உனக்கு விவாதமா?" என்றார் மேஜர்.

"ஊசி வலியை நிறுத்தும் சார். வயித்துல இருக்கிறதை என்ன பண்ணும்?"

"இருபது வருஷமாப் போடறேன்யா."

"பட்டாளத்துல போட்டிருப்பீங்க. கர்ப்பிணிக்கு?"

பட்டாளத்தில் கர்ப்பிணிக்கு எங்கே போவது? மேஜர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"தெரியாதுய்யா" என்றார்.

வார்டு ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்போது நம்மவர் கை சட்டைப் பைக்குள் போனது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சுண்டிராதீங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுண்டத் தேவையில்லை, இதுவரை பார்த்ததில் வெந்நீர்தான் முந்திக்கொண்டிருக்கிறது என்றார்.

பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வந்தது. ஆறினால் மாற்றவேண்டும். மேஜரே தன் வீட்டுக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முனகல் தணிந்தது. அத்தனை நாள் நான் கேலி செய்த காசு அது. மரமில்லில் கடிபட்டு, பூ விழுந்து, ஐஸில் கையை வைத்து அலறிய அத்தனை பேருக்கும் நான் அன்று மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

வலி குறைந்ததும் அவளுக்கு வேறு பயம் வந்தது. "டாக்டரய்யா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

இந்த மனிதர் ஒருதடவை பொய் சொல்லமாட்டாரா என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியாதும்மா" என்றார். "தெரியற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

சொன்னபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வப்போது குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் மேஜரும் வாங்கிக் கேட்டார். நடுவில் இருவருக்கும் ஏதோ சண்டை வந்தது; தாழ்ந்த குரலில் போட்டுக்கொண்டார்கள். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். துடிப்பு நன்றாக இருக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான் தெரியும் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார் நம்மவர்.

அடுத்த மாதமே அவரை, தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயில் புதிதாக ஏற்பட்டிருந்த குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். பிரசவம் மேஜர் கையில் நடந்தது. பெண் குழந்தை.

பின்னொரு நாள் மழையில் கதவு தட்டும் சத்தம். ஹட் பே கப்பலிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கி, கண்ணைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். 

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைம்மா" என்றார் என் மனைவியிடம்.

அவள் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கேட்டதை அவளே மறந்துவிட்டாள், அவர் மறக்கவில்லை. பதில் சொல்லத்தான் கடல் தாண்டி வந்திருந்தார்.