ஒல்லி விமானமும் ஒன்பது பேர் குழுவும்

விமானம் இறக்கையால் பறக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விவரம் போதாதவர்கள். விமானம் பறப்பது குழுவால். குழு கூடாமல் எந்த விமானமும் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பியதில்லை. கூடிய பிறகு எழும்பியதா என்பது வேறு விஷயம். அதை ஆராய வேறு குழு இருக்கிறது.

ஒரு விமான நிறுவனத்தின் பழைய விமானங்கள் ஏறும்போது முனகவும் இறங்கும்போது இருமவும் தொடங்கியிருந்தன. ஆகவே 'நீள்தூர ஒல்லி விமானத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. ஒல்லி விமானம் என்றால் நடுவில் ஒரே நடைபாதை, இரு பக்கமும் மும்மூன்று இருக்கை. முன்பெல்லாம் அது அக்கம்பக்கத்து ஊர்களோடு சரி. இப்போது வந்திருப்பது கடல் தாண்டி எட்டு மணி நேரம் இறங்காமல் பறக்கும். பெரிய விமானத்தை நிரப்ப ஆள் கிடைக்காத ஊருக்கும் இதை நேராக விடலாம்.

குழுவின் ஒன்பதாவது உறுப்பினர் வழித்தட அதிகாரி. சுவர் வரைபடத்தில் குண்டூசி குத்தி, நூல் கட்டி, விமானம் எந்த ஊர்வரை எட்டும் என்று சொல்வது அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'நூல்காரர்' என்று பெயர். இந்த விமானத்தின்மேல் அவருக்கு உயிர். காரணம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவர் மனைவி நர்ஸாக இருந்தார். போய்ச் சேர இரண்டு விமானம் மாற வேண்டும். கிடைக்கிற விடுமுறையில் பாதி விமான நிலைய நாற்காலிகளிலேயே கரைந்துவிடும்.

"நீங்க வந்து சேரும்போது பாதி உசிருதாங்க இருக்கு," என்றார் மனைவி போனில். "சோறு போட்டா தட்டுலயே தூங்கறீங்க. நேர் விமானம் வந்தா சரி, மாசா மாசம் வாங்க. இல்லேன்னா அந்த வேலையைத் தூக்கிப் போட்டுட்டு இங்கயே வந்துடுங்க. போன்ல குடும்பம் நடத்த என்னால முடியாது."

"வந்துடும்மா. குழுவுல நான் இருக்கேன்ல?"

"அதாங்க பயமா இருக்கு."

விமானம் விற்பவர் வந்து படம் காட்டினார். நூல் மனைவியின் ஊரைத் தொட்டு, இன்னும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. "இப்படியே வாங்கினா தாராளமா போகும்," என்றார் அவர். 'இப்படியே' என்பதை அழுத்தித்தான் சொன்னார். அவருக்கு அந்த அலுவலகத்தின் பண்பாடு தெரியாது.

அங்கே கூட்டத்தில் எதையாவது சேர்க்காதவர் சம்பளம் வாங்கத் தகுதியற்றவர். பொருள் எதுவானாலும் ஆளுக்கு ஒன்று சேர்த்தே ஆக வேண்டும். போன வருடம் கழிவறைக்கு ஒரு கதவு வாங்கக் கூடியவர்கள் நான்கு கதவுகளும் ஒரு வரவேற்பு மேசையும் வாங்கிக்கொண்டு கலைந்தது இந்தப் பண்பாட்டால்தான்.

"சாப்பாடு சுடச்சுட இருக்கணும். இன்னும் மூணு அடுப்பு," என்றார் உணவுப் பிரிவுத் தலைவி.

"எடை கூடினா தூரம் குறையுமே மேடம்," என்றார் நூல்காரர்.

"அடுப்பு என்ன பெரிய எடை?"

"தூக்கிப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குத் தூக்கணும்? விமானம்தானே தூக்கப் போகுது?"

இந்த விஞ்ஞான விளக்கத்தைக் குழு ஏகமனதாக ஏற்றது. நிதித் தலைவர் இரண்டு வரிசை இருக்கை சேர்த்தார். காலை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, "கால் மடங்கும்யா, இருக்கைதான் மடங்காது," என்றார். விளம்பரத் தலைவர் முன்பக்கத்துக்கு ஒரு பளிங்கு மேசை கேட்டார். படத்தில் நன்றாக விழுமாம். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நூல்காரர் குண்டூசியைப் பிடுங்கி, கொஞ்சம் இந்தப் பக்கமாகக் குத்தினார்.

கடைசிக் கூட்டத்தன்று நூல் மனைவியின் ஊர் ஓடுபாதையில் சரியாக முடிந்தது. இனி ஒரு குடை ஏறினாலும் எட்டாது. ஆனால் எட்டுப் பேரும் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தாயிற்று, தேநீரும் குடித்தாயிற்று. எழுந்துபோனால் போதும். எழப்போன குழுத் தலைவர் மறுபடி உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சேத்தாச்சு. நூல்காரர் மட்டும் சும்மாவே உக்காந்திருக்காரே?"

"நான் சேக்க ஒண்ணுமில்ல சார். இப்படியே இருந்தா..."

"ஒண்ணுமே இல்லையா?"

நிதித் தலைவர் பேனாவை மூடினார். ஆள் குறைப்பைப் பற்றி யோசிக்கும்போதுதான் அவர் பேனாவை மூடுவது வழக்கம். நூல்காரரின் இத்தனை வருட உத்தியோக ரத்தம் பொங்கியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார்... உங்க வாழ்க்கை வரலாறு. ஒவ்வொரு சீட்டுலயும் ஒண்ணு வெக்கலாம். கெட்டி அட்டையில."

"படத்தோடயா?" தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்ணப் படத்தோட சார்."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அது ஓய்ந்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது நூல்காரருக்கு உறைத்தது. குண்டூசியைப் பிடுங்கிக் கடலுக்குள் குத்தும்போது கண்ணீரே வந்துவிட்டது. விமானம் இனி வழியில் ஒரு தீவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போகும். மூன்று மணி நேரம் பயணிகள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். விளம்பரத் தலைவர் அதற்கு 'இலவசத் தீவு அனுபவம்' என்று பெயர் சூட்டினார்.

"புத்தகமா?" என்றார் மனைவி போனில். "யாருங்க அந்தப் புண்ணியவான், அதைச் சொன்னது?"

நூல்காரர் அங்கே மழை உண்டா என்று விசாரித்தார். மனைவிக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் நூல்காரர் தாங்கியிருப்பார்; மனைவியோ விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் வலித்தது.

"போதும், கிளம்பி வாங்க," என்றார் சிரிப்பு அடங்கியதும்.

நூல்காரர் வேலையை விட்டார். அதே ஒல்லி விமானத்தைப் போட்டி நிறுவனமும் வாங்கி, அதே ஊருக்கு இறங்காமல் விட்டுக்கொண்டிருந்தது. அங்கே எதையும் சேர்க்காமல் வந்தபடியே பறக்கவிட்டார்களாம். நிர்வாகம் தெரியாத கூட்டம். நூல்காரர் அதில் டிக்கெட் எடுத்தார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்வரிசைகளில் தேர்வுக் குழு மொத்தமும் காலணியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தது.

"அடடே, வாய்யா!" என்றார் தலைவர். "சிறந்த விமானத் தேர்வுக்கு நமக்கு விருது குடுக்கறாங்க. வாங்கப் போறோம்."

"நம்ம விமானத்துலயே போகலாமே சார்? அதுக்குத்தானே விருது?"

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னய்யா பேசறே? அது பயணிகளுக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினதுய்யா. மனுஷன் போவானா அதுல?"