பட்டினி குறித்து ஓர் அவசரக் கூட்டம்

பசி என்னும் பெரும்பிணிக்கு மனித குலம் முடிவு கட்டிய இடம் எது என்று நாளைய சரித்திரத்தைக் கேட்டால், அது சற்றும் தயங்காமல் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லைத்தான் காட்டும். அங்கேதான், துறைமுகத்தைப் பார்த்தபடி, எங்கள் 'போசணை உள்ளெடுப்பு ஆய்வு நிலையம்' இருக்கிறது. நான் அதன் நிருவாக உத்தியோகத்தர், தங்கரத்தினம். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு கண்ணாடிக் குழாய்கூட நகராது என்பதால், விஞ்ஞானத்துக்கு என்னை நன்றாகத் தெரியும்.

ஆய்வு என்னவென்று ஆராய்ச்சியாளர் கீர்த்தனி எனக்கு ஒருநாள் விளக்கினார்.

"இரத்தத்தில இரும்புச்சத்தைக் காவிக்கொண்டு திரியிற புரதம் ஒண்டு இருக்கு சேர். அதில பச்சையா ஒளிர்ற சாயத்தை ஒட்டிவிடுவம். பிறகு இருட்டறையில நுணுக்குக்காட்டியால பாத்தா, அது செல்லின்ர வாசலுக்கு வாறதும், செல் அதைப் பிடிச்சு உள்ளுக்கு இழுக்கிறதும் பச்சைப் புள்ளியளாத் தெரியும்."

"வாசலில படிவம் ஏதும் நிரப்பவேணுமோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்னத்தை வச்சு உள்ளுக்கு எடுக்குது?"

"தேவை எண்டா எடுக்கும்."

இவ்வளவு ஒழுங்கீனமான ஒன்றைக் கொண்டா என் உடம்பு கட்டப்பட்டிருக்கிறது என்று அன்று மிகவும் வருந்தினேன்.

ஆய்வின் தொடக்க விழாவைக் காலை பத்து மணிக்கு வைத்தோம். பணிப்பாளர் தம்பிராசா இரண்டு அம்சங்களை வகுத்தார். பிரதம விருந்தினர் தம் கையால் ஒரு சொட்டுப் பச்சைப் புரதத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களுக்கு ஊட்டுவார். அடுத்து, இரத்தசோகை உள்ள பன்னிரண்டு கர்ப்பிணித் தாய்மாருக்குச் சத்துணவுப் பொதி வழங்குவார். எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளும் பிரதம விருந்தினரின் கை பட்டு, படமும் எடுக்கப்பட்ட பிறகுதான் 'வழங்கப்பட்டது' ஆகும். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாமலே இத்தனை பேர் கீழ்ப்படிகிறோமே, அதுதான் நிருவாகம்.

தாய்மார் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். இரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் உண்ணாமல் வரும்படி நானே கடிதம் அனுப்பியிருந்தேன். எட்டு மணிக்குள் இரத்தம் எடுத்தாயிற்று. பிறகு அவர்களைத் தகரப் பந்தலின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகளில் இருத்தினோம். விழாவுக்காகக் கன்ரீனை மூடியிருந்தோம். பாதுகாப்புக்காக வெளிக் கதவையும் பூட்டியிருந்தோம். பேரீச்சம்பழமும் பயறும் கடலையும் நிறைந்த பன்னிரண்டு பொதிகள் அவர்களுக்கு எதிரிலேயே, சிவப்பு ரிபன் கட்டி, மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு அவ்வளவு அழகு.

ஒன்பது மணிக்குக் கீர்த்தனி செல்களையும் பட்டினி போட்டார். பச்சைப் புரதத்தை அவை ஆவலோடு எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு மணித்தியாலம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமாம்.

பத்து மணி ஆயிற்று. பிரதம விருந்தினர் வரவில்லை. கிண்ணியாவில் ஒரு பஸ் தரிப்பிடத்தைத் திறந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அப்போது மூதூரிலிருந்து வந்த லைலா என்ற பெண் என் மேசைக்கு வந்தாள். ஏழு மாதம்.

"சேர், ராவையில இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல. தல சுத்துது. அந்தப் பொதியில ரெண்டு பேரீச்சம்பழமாவது தாங்களேன்."

"தங்கச்சி, அது பிரதம விருந்தினர் தாற சாமான். இப்ப பிரிக்க ஏலாது."

"எனக்குத் தாறதுதானே சேர்?"

"ஓம். ஆனா இன்னும் தரேல்லையே."

இந்தப் பதிலில் இருந்த தெளிவை அவள் ரசித்ததாகத் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பதினொரு மணிக்குக் கீர்த்தனி ஓடிவந்தார். "சேர், செல்லுகள் ரெண்டு மணித்தியாலமாப் பட்டினி! இனியும் விட்டா சோர்ந்துபோயிடும்."

பணிப்பாளர் துடித்துப்போனார். "உயிர் விசயம் ஐசே! வாயில்லாத சீவன்கள்!"

உடனே குளிரூட்டிய மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடியது. பட்டினியின் கொடுமையைப் பற்றிப் பணிப்பாளர் உரையாற்றியபோது, கையில் கட்லட் இருந்தும் பலரால் கடிக்க முடியவில்லை. உரை முடிந்த பிறகுதான் கடித்தார்கள். நடுவில் லைலா கதவைத் திறந்து, "சேர், ஏலாம இருக்கு" என்றாள். "கூட்டம் நடக்குது" என்றேன். அது உண்மைதான்.

செல்களுக்கு முன்கூட்டியே உணவூட்ட ஏகமனதாகத் தீர்மானித்து, பிரதம விருந்தினரின் செயலாளரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டோம்.

"அதுகள் எந்தத் தொகுதி?" என்று கேட்டார்.

"ஓர்ஸ் ஹில்தான்" என்றேன்.

இரண்டே நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. எல்லோரும் இருட்டறைக்குள் போனோம். கீர்த்தனி ஒரு சொட்டு விட்டார். நுணுக்குக்காட்டியில் செல்களின் ஓரமெல்லாம் பச்சைப் புள்ளிகள் ஒட்டின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாய் உள்ளே போயின. உண்மையைச் சொல்கிறேன், அது கண்கொள்ளாக் காட்சி. பணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடுதுகள், சாப்பிடுதுகள்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. லைலாதான். "சேர், கண் இருட்டுது" என்றாள். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும் என்பதால் கதவைச் சாத்தினேன்.

நாங்கள் வெளியே வந்தபோது அவள் அந்தக் கதவடியில் விழுந்து கிடந்தாள்.

கீர்த்தனி ஒரு பொதியை எடுத்து ரிபனைப் பிய்த்து, ஒரு பிடி பேரீச்சம்பழம் அள்ளினார். "படம் எடுக்க முந்திப் பிரிச்சிட்டீரே!" என்று பணிப்பாளர் அலறினார். "நான்தான் பிரிச்சனான் எண்டு எழுதி வையுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கீர்த்தனி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்குப் பிரதம விருந்தினர் வந்து பதினொரு பொதிகளை வழங்கினார். பன்னிரண்டாவதன் ரிபனை மறுபடி கட்டி, படத்தில் குறை வரக்கூடாது என்பதற்காக, லைலாவின் சார்பில் நானே பெற்றுக்கொண்டேன். படத்தில் நன்றாகவே விழுந்திருக்கிறேன்.

மறுநாள் பணிப்பாளரின் உத்தரவுப்படி ஓர் அறிக்கை தயாரித்தேன். 'மேற்படி பயனாளி தமது பசியை உரிய அதிகாரிக்கு உரிய நேரத்தில் தெரியப்படுத்தத் தவறியமையே சம்பவத்துக்குக் காரணம்' என்று அது முடிந்தது. அவளது கையெழுத்து வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாயும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று தாதி சொன்னபோது, எனக்கே ஆச்சரியமாக, அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

லைலா அறிக்கையை மெதுவாக வாசித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தச் செல்லுகளுக்குப் பசி எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும் சேர்?"

"அதுகள் வாய் திறந்து சொல்லாது தங்கச்சி. நாங்கதான் விளங்கி நடக்கவேணும்."

"நான் வாயத் திறந்து மூணு தரம் சொன்னேனே."

நான் பேனையை நீட்டினேன். அவள் அதை வாங்கி, என் கடைசி வரியை வெட்டி, அதற்கு மேல் மூன்று தரம் சொன்னதையும், யாரிடம் சொன்னாள் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் நெஞ்சிலிருந்த அட்டையைப் பார்த்து எழுதியதால், பெயரிலோ பதவியிலோ ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.